நிற்காத வண்டி

எங்கள் தெருவில் ஒருத்தர் வண்டி எடுத்தால் நாற்பது பேர் கருத்துச் சொல்வார்கள். பட்டறைத் தெரு என்பதால் எல்லாருக்கும் வண்டியைப் பற்றித் தெரியும், வாயைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். லேத்து, வெல்டிங், பேட்டரி, பெயிண்ட் என்று வரிசையாகப் போய்க் கடைசியில் என் டயர் கடையில் முடியும். தெரு எனக்கு வைத்த பெயர் பஞ்சர். கல்யாணப் பேச்சு நடந்தபோது இந்தப் பெயரால் பட்ட பாட்டை இன்னொரு நாள் சொல்கிறேன்.

என் கடைக்கு எதிரே அக்காவின் பட்டறை. பின்பக்கம் இரண்டு அறை வீடு. கூடப் பிறந்தவள் இல்லை என்றாலும் எனக்கு அக்காதான். அவள் அப்பா நடத்திய பட்டறை அது. அவர் போன பிறகு ஸ்பேனரை எடுத்தவள் இருபது வருடமாகக் கீழே வைக்கவில்லை. அவள் புருஷனை நான் மாமா என்று கூப்பிடுவேன். தெரு அவரை நிதானம் என்று கூப்பிடும். தெருமுனை திரும்பக் கூட முதல் கியருக்கு வருகிற மனுஷன்.

இருவருக்கும் பிழைப்பு மலை மேலே இருக்கும் விடுதியால். அடிவாரத்திலிருந்து பதினோரு கிலோமீட்டர். ரோடு என்று சொன்னால் பொய். பாறை, செம்மண், இரண்டு ஓடை. விடுதிக்கு வருகிறவர்கள் தங்கள் சொகுசுக் காரை அடிவாரத்தில் விட்டுவிட்டு விடுதி வண்டியில் ஏறுவார்கள். வண்டி விடுதியுடையது. ஓட்டுவது மாமா. ஓட்டத்தில் வைத்திருப்பது அக்கா. இருபது வருடத்தில் ஒருமுறை கூட அந்தச் சதுர வண்டி வழியில் நின்றதில்லை. நிற்காத வண்டி என்றே அதற்குப் பெயர். அதைச் சொல்லும்போது மாமாவின் நெஞ்சு இரண்டு அங்குலம் முன்னால் வரும்.

இந்த வருடம் அதன் அடிச்சட்டம் துரு தின்று ஓட்டை விழுந்துவிட்டது. விடுதி மேனேஜர் வேறு வண்டி பார்க்கச் சொன்னார். முதலாளி இரண்டை ஒதுக்கி வைத்திருக்கிறாராம். இரண்டில் எது என்பதை மட்டும் நிதானம் சொல்லட்டும், மலையில் ஓட்டப் போகிறவர் அவர்தானே என்றாராம். எது வந்தாலும் ஐந்து வருடத்துக்கு இவர்கள் பொறுப்பு.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வண்டிகள் வருவதற்கு முந்தின வாரம் அக்காவை என் பைக்கில் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருந்தேன். வலது தோளில் தசைநார் கிழிந்திருந்தது. டாக்டர் படத்தைக் காட்டிச் சொன்னார்.

"ஒரு மாசத்துக்குள்ள ஆபரேஷன் செஞ்சாகணும். கையைத் தலைக்கு மேல தூக்கிச் செய்யுற வேலை இனிமே கூடவே கூடாது. மீறினீங்கன்னா இந்தக் கை தோளுக்கு மேல வராது."

"நான் தலைக்கு மேல தூக்குறதில்ல டாக்டர். படுத்துக்கிட்டுத்தான் வேலை செய்யறேன்" என்று அக்கா சிரித்தாள். டாக்டர் சிரிக்கவில்லை.

வெளியே வந்ததும் என் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள்.

"மாமாகிட்ட மூச்சு விடாத."

"ஏன்க்கா?"

"நாலு தடவை சொல்லிட்டேன், தோளு தாங்கலன்னு. ஒவ்வொரு தடவையும் சீசன் முடியட்டும்னாரு. அஞ்சாவது தடவை சொன்னா கெஞ்சுற மாதிரி ஆயிடும். நான் ஏன் கெஞ்சணும்?"

ரகசியம் எனக்குச் செரிக்காத சாமான். அன்றிலிருந்து மாமாவைப் பார்த்தாலே எனக்கு நாக்கு துறுதுறுத்தது. அவர் கடைப்பக்கம் வந்தால் ட்யூபைத் தண்ணீரில் முக்கிக்கொண்டு தலை நிமிராமல் இருந்தேன்.

புதன்கிழமை காலை இரண்டு வண்டியும் தெருவுக்கு வந்தன. வானம் மூட்டமாக இருந்தது, தூறல் இல்லை. முதலாவது பழைய வண்டியின் தம்பி. அதே சதுரம், அதே வெள்ளை, கொஞ்சம் வயது குறைவு. மூலைக்கு மூலை ஆணி அடித்தது போல நின்றது. டப்பா என்று அங்கேயே பெயர் விழுந்தது. இரண்டாவது கரும்பச்சை. மூக்கிலிருந்து வால்வரை ஒரே இழுப்பில் வரைந்த உடம்பு. கைப்பிடி கூடக் கதவுக்குள் ஒளிந்திருந்தது, பக்கத்தில் போனால் தானாக எட்டிப் பார்த்தது. கூரை முழுக்கக் கண்ணாடி.

"இது சீமாட்டிப்பா" என்றார் பேட்டரிக்காரர். அந்தப் பெயரும் நிலைத்தது.

கொண்டுவந்த விற்பனைக்காரன் இன்ஜினை அணைத்துக் கதவைத் திறந்தான். உஸ்ஸென்று ஒரு சத்தம். வண்டி ஒரு சாண் கீழே தணிந்தது. தெரு வாய் பிளந்தது.

"ஸ்பிரிங்குக்குப் பதிலா காத்துப் பை வெச்சிருக்காங்க. மலையேறும்போது ஒசந்துக்கும். நிறுத்திக் கதவைத் திறந்தா இறங்குறவங்களுக்காகக் குனிஞ்சு குடுக்கும்" என்றான்.

"என் மருமக கூட எனக்கு இப்படிக் குனிஞ்சதில்ல" என்றார் லேத்துக்காரர். கை தட்டினார்கள். வண்டிக்குப் போய்க் கை தட்டுகிற கூட்டம் எங்கள் கூட்டம்.

மாமா டப்பாவைச் சுற்றி வந்து பானெட்டைத் தட்டினார். சோற்றுப் பானையைத் தட்டுகிற மாதிரி அவ்வளவு உரிமை. "இதான். வேற பேச்சே இல்ல."

"அக்கா சொல்லட்டும்" என்றது தெரு. அக்கா என்ன சொல்வாள் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

அக்கா சீமாட்டியின் பானெட்டைத் திறக்கச் சொன்னாள். உள்ளே இன்ஜினே தெரியவில்லை. வழவழவென்று ஒரு கறுப்பு மூடி.

"இதைக் கழட்டுனா?"

"நாம கழட்டக் கூடாதுங்க. எதுன்னாலும் கம்பெனி ஆளு வந்து கம்ப்யூட்டர் மாட்டித்தான் பாக்கணும்."

"நம்ம ஸ்பேனர் எதுவும் சேராதா?"

"சேராதுங்க" என்றான் அவன், மன்னிப்புக் கேட்கிற குரலில். சுற்றி நின்ற மெக்கானிக்குகள் உச்சுக் கொட்டினார்கள். அக்காவின் முகம் மட்டும் மலர்ந்தது. அந்த மலர்ச்சி எனக்கு மட்டும் புரிந்தது. தன்னால் தொட முடியாத ஒரு வண்டிக்காக அவள் காத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"சீமாட்டியே இருக்கட்டும்" என்றாள்.

தெருவில் சிரிப்பு. மாமா சிரிக்கவில்லை.

"எதைப் பாத்துச் சொல்ற?"

"அழகா இருக்குல்ல."

"அழகா? இருபது வருஷம் வண்டியைப் பாத்தவ பேசுற பேச்சா இது?"

"ஏன், நான் அழகு பாக்கக் கூடாதா?" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

மேனேஜர் நல்லவர், அதாவது யாரையும் பகைத்துக்கொள்ளாதவர். வியாழன் டப்பாவை மேலே ஓட்டிப் பாருங்கள், வெள்ளி சீமாட்டியை, வெள்ளி சாயங்காலத்துக்குள் ஒரு முடிவைச் சொல்லுங்கள் என்று நழுவினார்.

அன்று மதியம் நானும் அங்கேதான் சாப்பிட்டேன். சோறு, பருப்பு, முட்டைப் பொரியல். அக்கா இடது கையால் பரிமாறினாள். இரண்டு பருக்கை தட்டுக்கு வெளியே விழுந்தது. மாமா தட்டைக் கொஞ்சம் நகர்த்திக்கொண்டார், அவ்வளவுதான்.

"சீமாட்டி பாதி வழியில படுத்துக்கிட்டா என்ன செய்வ?" என்றார்.

"கம்பெனிக்குப் போன் போடுவேன்."

"அந்தப் பாறையில எவன் வருவான்?"

"வரட்டும், வராம போகட்டும். அவன் தலைவலி."

"நம்ம பேரு என்னாகும்? நிக்காத வண்டின்னு ஊரே சொல்லுது."

"பேரு வண்டிக்குத்தானே" என்றாள் அக்கா. "உங்களுக்கு இன்னும் கொஞ்சம் பருப்பு?"

"உனக்கு என்னமோ ஆயிடுச்சு."

"ஆமா. ஆயிடுச்சு."

என்ன ஆயிற்று என்று கேட்பார் என்று நான் கையைத் தட்டில் வைத்தபடி காத்திருந்தேன். அவர் முட்டையை மட்டும் கேட்டார். எனக்கு வந்த கோபத்தில் பாதிச் சோற்றோடு எழுந்து கை கழுவினேன்.

வியாழக்கிழமை டப்பா மேலே போய்த் திரும்பியது. மாமா ராஜா மாதிரி இறங்கினார். "ஒரு சத்தம் கிடையாது. ஒரு முனகல் கிடையாது. ஏறுச்சு, இறங்குச்சு. இதுக்கு மேல என்ன வேணும்?" என்று என் கடை ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடித்தபடி சொன்னார். அவர் அதைச் சொல்லிக்கொண்டிருந்த நேரம் முழுக்க எதிரே டப்பாவின் அடியிலிருந்து அக்காவின் இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. பழைய அட்டைப்பெட்டியைப் பிரித்துப் போட்டு அதன் மேல் படுத்திருந்தாள்.

"என்னக்கா பண்ற?" என்று குரல் கொடுத்தேன்.

"பின் ஆக்சில்ல எண்ணெய் கசியுது. ரெண்டு போல்ட்டு தளந்திருக்கு. நாளைக்கு வெச்சா நடுவழியில நிக்கும்."

"அதெல்லாம் சின்ன விஷயம்" என்றார் மாமா, டீயை உறிஞ்சிக்கொண்டே.

அவள் வெளியே வர அரைமணி ஆனது. வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு, முதலில் முழங்கால், பிறகு இடுப்பு என்று தவணை முறையில் எழுந்தாள். உதடு வெளுத்திருந்தது. நான் ஓடினேன். கண்ணாலேயே என்னை அதட்டி நிறுத்தினாள்.

வெள்ளிக்கிழமை சீமாட்டியில் நாலு பேர் ஏறினோம். மாமா, அக்கா, மேனேஜர், நான். பாறையில் டயர் எப்படி என்று பார்க்க என்னையும் அழைத்தார்கள். ஜாக்கி, கடப்பாரை, என் காற்றுக்குழாய்ச் சாமான் பை எல்லாம் பின்னால் ஏறின. அக்காவின் அட்டையையும் மாமா மடித்து வைத்தார். யாரும் சொல்லாமலே வைத்தார், மலைக்குப் போனால் வைக்கிற பழக்கம்.

உண்மையைச் சொல்கிறேன், அந்த வண்டி மிதந்தது. முதல் ஓடையில் தண்ணீர் கதவு வரை வந்தது கூடத் தெரியவில்லை. கண்ணாடிக் கூரை வழியாக மேகம் எங்களோடு கூடவே வந்தது. அக்கா பின் சீட்டில் தலையைச் சாய்த்து மேலேயே பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருடத்தில் இந்த மலையின் கல்லும் மண்ணும் வண்டியடியில் ஒட்டி வந்துதான் அவளுக்குப் பழக்கம். மரம் இவ்வளவு உயரம் என்று இன்றைக்குத்தான் பார்க்கிறாள் போல.

"என்னங்க, எப்படி இருக்கு?" என்று கேட்டாள்.

"ம். பரவால்ல" என்றார் மாமா. அவர் வாயில் பரவாயில்லை என்றால் பாதிப் பரிசு வாங்கிய மாதிரி. ஸ்டீயரிங்கை ஒருமுறை தடவிக்கூடக் கொடுத்தார். நான் பார்த்தேன்.

இரண்டாவது ஓடையைத் தாண்டினால் ஒரு திருப்பம். பள்ளத்தாக்கைப் பார்க்க விருந்தாளிகளை அங்கே இறக்குவது வழக்கம். அந்தச் சரிவில் வண்டி சமமாக நிற்கக்கூடிய இடம் ஒன்றே ஒன்று. அதன் நடுவே முழங்காலுக்குக் கீழ் உயரத்தில் ஒரு பாறை துருத்திக்கொண்டிருக்கும். இரண்டு பக்கச் சக்கரமும் பாறைக்கு இரண்டு பக்கமாக வர, வயிறு அதற்கு மேலே இருக்கும்படி நிறுத்த வேண்டும். புதிதாக வருகிறவன் அதைப் பார்த்தே மிரண்டு சரிவில் நிறுத்துவான். மாமாவுக்குக் கண்ணைக் கட்டிவிட்டாலும் கை தவறாது. அன்றும் தவறவில்லை. பாறைக்கும் வயிற்றுக்கும் நடுவே தாராளமாக இடம் விட்டு அழகாக நிறுத்தினார். இன்ஜினை அணைத்தார். கதவைத் திறந்தார்.

உஸ்.

சீமாட்டி குனிந்தாள்.

நறுக்கென்று அடியில் ஏதோ உடைந்தது. அடுத்து நீளமாகக் காற்றுப் போகிற சத்தம். என் தொழிலில் தினமும் கேட்கிற சத்தம்தான், ஆனால் அன்று காது கூசியது. தெருவே கை தட்டிப் பார்த்த குனிதல், எங்கள் நாலு பேரில் ஒருத்தருக்கும் நினைவுக்கு வரவில்லை. நிறுத்திய பிறகு உயரம் மாறுகிற வண்டியை இந்த மலை பார்த்ததில்லை.

வண்டி பாறை மேல் வயிற்றை வைத்து உட்கார்ந்துவிட்டது. திரையில் சிவப்பு எழுத்து. எந்தப் பொத்தானை அழுத்தினாலும் எழவில்லை. மேனேஜர் கம்பெனிக்குப் போன் போட்டார். இழுவை வண்டி அடிவாரம் வரை வர இரண்டு நாள், அதற்கு மேல் ஏறாது என்று இனிமையான குரலில் ஒரு பெண் சொன்னாள்.

"பாத்தியா? பாத்தியா?" என்றார் மாமா. தப்பு தன்னுடையது என்பதைக் காட்டிலும் தான் சொன்னது பலித்ததே அவருக்குப் பெரிதாக இருந்தது. "அழகாம் அழகு!"

மேனேஜர் நெற்றியைத் துடைத்தார். "சரி, டப்பாவே போதும்னு சொல்லிடறேன். இப்ப கீழ எப்படிப் போறது?"

"அதுக்கென்ன" என்று மாமா பின்கதவைத் திறந்து அட்டையை எடுத்து மண்ணில் விரித்தார். "இந்தாம்மா, கீழ படுத்து என்னான்னு பாரு."

அக்கா அட்டையைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். பாறைக்குப் பக்கத்தில் இருந்த இடைவெளியில் படுத்து உள்ளே நகர்ந்தாள். உள்ளே அவள் வலது கை பாதிவரை எழும்பி விழுந்தது. மறுபடி எழும்பி விழுந்தது. மூன்றாவது முறை இடது கையால் அதைத் தூக்கிப் பிடித்தாள்.

"எனக்குக் கை வரலங்க" என்றாள் அடியிலிருந்து.

"மெதுவா…"

என்னால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை. "மாமா, தசைநார் கிழிஞ்சு போச்சு. ஆபரேஷன் செய்யணும்னு போன வாரமே டாக்டர் சொல்லிட்டாரு. இனிமே இந்த வேலை செஞ்சா கையே எழும்பாதாம்."

மாமா என் பக்கம் திரும்பினார். அடித்துவிடுவார் என்று நினைத்தேன்.

"உனக்குத் தெரியும். எனக்குத் தெரியாது. அப்படித்தானே?"

"உங்களுக்கும் தெரியும்" என்று அடியிலிருந்து குரல் வந்தது. "நாலு தடவை சொன்னேன். சீசன் முடியட்டும்னீங்க. எந்த சீசன்னு மட்டும் சொல்லல."

மேனேஜர் பள்ளத்தாக்கைப் பார்க்கப் போய்விட்டார். மாமா நின்ற இடத்திலேயே நின்றார். அவர் உதடு அசைந்தது. ஒன்று, இரண்டு என்று அந்த நாலையும் அவர் நினைத்துப் பார்க்கிறார் என்று எனக்குத் தோன்றியது. பிறகு குனிந்து அக்காவின் இரண்டு கணுக்காலையும் பிடித்து, அட்டையோடு சேர்த்து மெல்ல வெளியே இழுத்தார். தலை இடிக்காமல் ஒரு கையை நடுவில் கொடுத்தார்.

"நீ உக்காரு. நான் படுக்கறேன். என்ன செய்யணும்னு சொல்லு."

"உங்களால முடியாது."

"சொல்லு."

அக்கா ஒரு கல்லில் உட்கார்ந்தாள். முதலில் சக்கரங்களுக்கு முட்டுக் கொடுக்கச் சொன்னாள். பிறகு ஜாக்கி. வண்டி எழும்ப எழும்ப இரண்டு பக்கமும் தட்டைக் கல்லாக அடுக்கச் சொன்னாள். "ஜாக்கியை நம்பி எவனும் அடியில போகக் கூடாது. இன்னொரு கல்லு வைங்க. ஆட்டிப் பாருங்க." அப்புறம்தான் உள்ளே விட்டாள். மாமா படுத்தார். இருபது வருடத்தில் முதல் தடவையாக ஒரு வண்டியின் வயிற்றைப் பார்த்தார்.

"ரெண்டு விரல் அகலத்துக்குப் பிளாஸ்டிக் தகடு இருக்குங்களா? உடைஞ்ச இடத்துல விலக்குங்க. உள்ள சின்னக் கறுப்புக் குழாய் நசுங்கியிருக்கும். அதுக்குக் கம்ப்யூட்டர் வேணாம், நம்ம ஜாயிண்டே போதும்."

"தெரியல… இரு… கண்ணுல மண்ணு விழுது."

"விழும். கண்ணை மூடிக்கிட்டு விரலால தேடுங்க."

"இருக்கு."

"நசுங்குன துண்டை மட்டும் வெட்டுங்க. பஞ்சர், உன் பையில சின்ன சைஸ் பித்தளை ஜாயிண்ட் இருக்கா?"

இருந்தது. என் பையில் எப்போதும் இருக்கும், அந்தப் பெருமையை எனக்கு விட்டுக்கொடுங்கள். மாமா குழாயின் ஒரு முனையைச் சொருகினார், அது நழுவியது. மறுபடி சொருகினார். முனகல் கேட்டது. ஒருமுறை ஸ்பேனர் அவர் நெற்றியிலேயே விழுந்தது. கையைக் கீழே போட்டு மூச்சு வாங்கினார்.

"கையை இறக்காதீங்க. இறக்கினா மறுபடி தூக்க முடியாது" என்றாள் அக்கா. அதட்டலாகச் சொல்லவில்லை. தெரிந்த ஒரு விஷயத்தைச் சொன்னாள்.

கடைசியில் கிளாம்ப் இறுகியது. மாமா வெளியே வந்த பிறகு நான் இன்ஜினைப் போட்டேன். சீமாட்டி உறுமி, யோசித்து, மெல்ல எழுந்தாள். மாமா அட்டையிலேயே உட்கார்ந்தார். முகமெல்லாம் மண், நெற்றியில் ரத்தக் கோடு. இரண்டு கையும் மடியில் கிடந்து தானாக நடுங்கிக்கொண்டிருந்தன.

"எவ்வளவு நேரம் ஆச்சு? ஒரு மணி இருக்குமா?"

"இருபத்தஞ்சு நிமிஷம்" என்றேன்.

அவர் அக்காவைப் பார்க்கவில்லை. தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் வீட்டில் டீயும் ரொட்டியும். மாமாவின் டம்ளர் நடுங்கி மேஜையில் சிந்தியது. இடது கைக்கு மாற்றிக்கொண்டார். அக்கா ஏற்கெனவே இடது கையில்தான் குடித்துக்கொண்டிருந்தாள். எதிரெதிரே இரண்டு இடது கைகள். நான் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் ரொட்டியை வாயில் அடைத்துக்கொண்டேன்.

போன் அடித்தது. மேனேஜர். மாமாவால் பிடிக்க முடியாமல் ஒலிபெருக்கியில் போட்டார்.

"முதலாளி டப்பாவுக்கே சரின்னுட்டார். பழசோ புதுசோ, நிதானத்தோட வீட்டம்மா இருக்கிற வரைக்கும் வண்டி நிக்காதுன்னு சொன்னார்."

எங்கேயோ மலைக்கு அப்பால் இருக்கிற, அக்காவை ஒருமுறை கூடப் பார்த்திராத மனுஷனுக்குத் தெரிந்திருக்கிறது.

"சார்" என்றார் மாமா. "அந்த வண்டி நிக்காத வண்டி இல்ல சார். அது தினமும் நிக்கத்தான் பாத்துச்சு. இவ விடல. நான் அதை வண்டியோட பேருன்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன்."

"சரிங்க, அதான் அவங்களே…"

"இவ வர மாட்டா. ஆபரேஷன் இருக்கு. திங்கக்கிழமை நான் கூட்டிட்டுப் போறேன்."

"சீசன் ஆரம்பிக்குதுங்களே!"

"ஆமா சார். சீசன்லதான்."

"அப்ப டப்பாவை யார் பாப்பா?"

"வேற ஆளு போடுங்க. இல்லேன்னா சீமாட்டியை எடுங்க. ரெண்டும் முடியாதுன்னா வேற டிரைவரையும் சேத்துப் பாத்துக்கோங்க."

முதலாளியைக் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு மேனேஜர் வைத்தார். ஐந்து வருடப் பிழைப்பு என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியவில்லை. மாமாவுக்கும் தெரியவில்லை. அவர் முகத்தில் பயம் வெளிப்படையாகவே இருந்தது.

அக்கா ரொட்டியைப் பிய்த்தபடி இருந்தாள். கண் நிறைந்திருந்தது, ஆனால் சிந்தவில்லை.

வெளியே விற்பனைக்காரன், ஓட்டிப் பார்க்கக் கொடுத்திருந்த டப்பாவைத் திருப்பி எடுத்துப் போக வந்திருந்தான். ஸ்டார்ட் செய்தான். உறுமலுக்கு நடுவே மெல்லிசாக ஒரு கீச்சுச் சத்தம். எனக்கே முதலில் கேட்கவில்லை. அக்காவின் கை நின்றது. தலை சாய்ந்தது. நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்துவிட்டாள்.

"உக்காரும்மா" என்றார் மாமா. "எனக்கும் கேக்குது."

அவர் எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, அந்த ஆளிடம் சொல்ல வெளியே போனார். அக்கா கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு உட்கார்ந்து டீயைக் குடித்து முடித்தாள்.